திடலை விற்றுவிட்டுக் கோலைத் தேடுகிறோம்



நம் நாட்டுக் குழு பந்து ஆடித் தோற்ற மறுநாள் காலையில் பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பாருங்கள். மழை பெய்து வேலை நின்றுபோன நாள் மாதிரி எல்லார் முகமும் வாடிக் கிடக்கும். "கடைசி நேரத்துல ஒருத்தனும் ஆளப் பிடிக்கலியே!" என்று ஒருவர் தொடங்குவார். "முன்னுக்கு ஓடுனவன் திரும்பி வந்தானா பாத்தியா?" என்று இன்னொருவர் கேட்பார். மண்டோர் சத்தம் போடும் வரை பேச்சு ஓயாது. செம்பனைக் காட்டுக்குள் போன பிறகும் நிரைக்கு நிரை அதே பேச்சுதான்.

இந்தப் பகுதியில் சம்பளம், வீடு, தண்ணீர், பிள்ளைகள் படிப்பு என்றே எழுதி வருகிறோம். இந்த வாரம் பந்தைப் பற்றி எழுதுகிறோம். "சோத்துக்கு வழி சொல்றத விட்டுட்டுப் பந்து எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நாட்டுக் குழு ஏன் தடுமாறுகிறது என்று தேடிப் போனால், வழி நம் தோட்டத்துத் திடலுக்குத்தான் வந்து சேருகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

அப்படியும் ஒரு காலம் இருந்தது

நம் குழு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா ஆடியது. மேற்கு ஜெர்மனியிடம் 0–3, மொரோக்கோவிடம் 0–6 என்று தோற்றாலும், அமெரிக்காவை 3–0 என்று வென்றது. 1974இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலப் பதக்கம் வாங்கி வந்தது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2–1 என்று வீழ்த்தி, மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. அந்த ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணித்தன. நம் நாடும் புறக்கணித்ததால் அவர்கள் போக முடியாமல் போயிற்று. அந்த வெற்றியை வைத்துத்தான் 2016இல் 'ஓலா போலா' என்ற படம் வந்தது. நம்மில் பல பேர் குடும்பத்தோடு போய்ப் பார்த்துக் கண் கலங்கித் திரும்பினோம்.

அந்தக் காலத்துக் குழுவின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், எம். சந்திரன், வி. கிருஷ்ணசாமி, ஆர். ஆறுமுகம். மலாய்க்காரர், சீனர், பஞ்சாபி, தமிழர் எல்லாரும் ஒரே சட்டை போட்டு ஆடினார்கள். நீண்ட கைகளால் பந்தைப் பறித்த கோல் காவலர் ஆறுமுகத்தை நாடே 'ஸ்பைடர்மேன்' என்று கொண்டாடியது. 1988இல் சாலை விபத்தில் அவர் இறந்தபோது எத்தனையோ லயங்களில் அடுப்பு எரியவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் தர வரிசையில் 1993இல் 75ஆம் இடம் வரை ஏறிய நாம், 2018இல் 178ஆம் இடத்துக்கு இறங்கினோம். 1994இல் வெடித்த ஆட்ட மோசடி ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களையே விழுங்கியது. 2015ஆம் ஆண்டு ஜூனில் சொந்தத் திடலில் பாலஸ்தீனத்திடம் 0–6, செப்டம்பரில் அபுதாபியில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0–10. பத்துக் கோல்! அந்த இரவை மறந்துவிடத்தான் ஆசை, மறக்க முடிந்தால்தானே!

நடுவில் நல்ல நாள்களும் வந்தன. சும்மா சொல்லக்கூடாது. கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்தபோது 2009 சீ விளையாட்டில் தங்கம் கிடைத்தது. 2010 டிசம்பரில் சுசுகி கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவைப் புக்கிட் ஜாலிலில் 3–0 என்று வென்றோம். ஜகார்த்தாவில் 1–2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் கிண்ணம் நம் கைக்கு வந்தது. எஸ். குணாளன் அந்தக் குழுவில் ஓடிய ஓட்டத்தை மறக்க முடியுமா? பெரிய காசு கொட்டிப் பிற நாட்டுப் பயிற்றுநரைக் கொண்டு வந்து செய்த காரியம் இல்லை அது. உள்ளூர்ப் பயிற்றுநர், உள்ளூர்ப் பிள்ளைகள்.

ஓட்டை எங்கே இருக்கிறது?

இப்போது ஆட்டத்துக்குள் போவோம். தோற்றால் நடுவரைத் திட்டுவதும், வென்றால் தோளில் தூக்கிக் குதிப்பதும் நமக்குப் பழக்கம். ஆனால் திட்டினால் மட்டும் ஓட்டை அடைபடாது. நாம் பார்த்த வரையில் நான்கு ஓட்டைகள் கண்ணில் படுகின்றன.

முதல் ஓட்டை, வரிசைகளுக்கு நடுவே விழும் இடைவெளி. ஆசியக் கிண்ணத்துக்கு 1980க்குப் பிறகு நாம் தகுதி ஆட்டம் ஆடி நுழைந்தது 2022இல்தான். 2007இல் சேர்ந்து நடத்திய நாடு என்ற முறையில் ஆடினோம். சீனாவிடம் ஐந்து, உஸ்பெக்கிஸ்தானிடம் ஐந்து, ஈரானிடம் இரண்டு என்று வாங்கிக் கட்டிக்கொண்டோம். 2024 ஜனவரியில் கத்தாருக்குப் போனபோது, கொரியப் பயிற்றுநர் கிம் பான் கோன் கற்றுக்கொடுத்தபடி நம் பையன்கள் முன்னேறிப் போய் எதிரியை நெருக்கி ஆடும் குழுவாக இருந்தார்கள். நல்ல முறைதான். ஆனால் முன்வரிசை ஓடி நெருக்கும்போது நடுவரிசையும் பின்வரிசையும் கூடவே ஏறி வர வேண்டும். ஜோர்டானுடன் ஆடிய முதல் ஆட்டத்தில் முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கினோம். முடிவு 0–4. எதிரி ஒரே தட்டில் முன்வரிசையைக் கடந்துவிட்டால், பின்னால் நம் ஆளே இல்லாத வெட்டவெளியாகக் கிடந்தது.

செம்பனை அறுப்பு செய்கிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். குலை அறுக்கிறவர் நான்கு மரம் முன்னால் போய்விட்டார், குலை தூக்குகிறவர் இன்னும் பழைய மரத்தடியில் நிற்கிறார், உதிரி பொறுக்குகிறவர் எங்கே என்றே தெரியவில்லை என்றால் அன்றைய கணக்கு என்ன ஆகும்? மூன்று பேரும் கெட்டிக்காரர்களாகவே இருக்கட்டும், சேர்ந்து நகராவிட்டால் குலை காட்டிலேயே கிடக்கும். பந்தும் அப்படித்தான்.

இரண்டாவது ஓட்டை, நெருக்கடியில் பந்தைக் கையாளத் தெரியாமை. எதிரி இரண்டு பேர் ஓடி வந்தவுடன் நம் தற்காப்பு ஆட்டக்காரர் கோல் காவலருக்குப் பந்தைத் திருப்புவார், அவர் கண்ணை மூடிக்கொண்டு தூர உதைப்பார். பந்து எதிரி தலைக்குப் போய்த் திரும்பவும் நம் பக்கமே வரும். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே சுற்றிப் பார்த்து, முதல் தொடலிலேயே அதை நல்ல பக்கம் திருப்புகிற வித்தை இருபது வயதில் கற்றுக்கொடுத்து வருவதில்லை. சிறு வயதிலேயே காலில் ஊற வேண்டும்.

மூன்றாவது ஓட்டை, கடைசி நிமிடங்களில் தலை சுற்றிப்போவது. 2014 டிசம்பரில் தாய்லாந்துடன் நடந்த இறுதியாட்டம் நினைவிருக்கிறதா? பேங்காக்கில் 0–2 என்று தோற்றுவிட்டுப் புக்கிட் ஜாலிலில் 3–0 என்று முன்னால் இருந்தோம். கிண்ணம் கைக்கெட்டும் தூரம்! 82ஆம் நிமிடத்தில் ஒன்று, 87ஆம் நிமிடத்தில் ஒன்று என்று இரண்டு கோல் விட்டோம். கிண்ணம் போயிற்று. கத்தாரில் பஹ்ரேனுடன் ஆடியபோது 90 நிமிடம் கட்டிக் காத்துவிட்டு, கூடுதல் நேரத்தில் ஒரு கோல் வாங்கி வெளியேறினோம். அதே போட்டியில் தென் கொரியாவுடன் ஆடிய கடைசி ஆட்டத்தில், 90 நிமிடம் முடிந்து மேலும் 15 நிமிடம் ஆன பிறகு கோல் அடித்து 3–3 என்று சமன் செய்ததும் நம் பையன்கள்தான். அதனால் மூச்சு இல்லை, மனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முன்னால் இருக்கும்போது ஆட்டத்தை எப்படி மெதுவாக்குவது, பந்தை எங்கே வைத்துக்கொள்வது, யார் யாரைப் பிடிப்பது என்ற நிதானம்தான் இல்லை. வெளியூர் போனால் இது இன்னும் மோசம். 2023 ஜனவரியில் தாய்லாந்தைச் சொந்தத் திடலில் 1–0 என்று வென்றுவிட்டு, அங்கே போய் 0–3 என்று தோற்றோம்.

நான்காவது ஓட்டை, கோல் அடிக்கிற ஆள். 2010இல் சாஃபி சாலி ஐந்து கோல் அடித்துக் கிண்ணத்தைக் கொண்டு வந்தார். அதற்குப் பிறகு நடுவில் நின்று அடிக்கிற ஆளை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. ஆரிஃப் ஐமான், ஃபைசால் ஹாலிம் போன்ற கெட்டிக்காரர்கள் உண்டு. ஆனால் அவர்கள் ஓரத்தில் ஓடி வந்து வெட்டுகிறவர்கள். நம் லீக்கில் ஒவ்வொரு கிளப்பும் நடு முன்வரிசைக்கு வெளிநாட்டு ஆளைத்தான் தேடுகிறது. உள்ளூர்ப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து பழகினால், நாட்டுக்காக நிற்கும்போது மட்டும் எங்கிருந்து கோல் வரும்? 2024 டிசம்பரில் சிங்கப்பூருடன் சொந்தத் திடலில் 0–0 என்று முடித்துக்கொண்டு, தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியின் முதல் சுற்றிலேயே வெளியேறியது இதனால்தான்.

"நம்மாளுங்க குள்ளம், அதான் முடியல" என்று சிலர் சொல்கிறார்கள். அதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். 2014இல் நம் நெஞ்சில் அந்தக் கடைசிக் கோலை அடித்த தாய்லாந்தின் சனாதிப், 158 செண்டிமீட்டர் உயரம்தான். அவரே பின்னால் ஜப்பானிய லீக்கில் போய் வெற்றிகரமாக ஆடினார். குறை உயரத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது.

குறுக்கு வழி எங்கே கொண்டுபோய் விட்டது?

ஓட்டையை அடைக்க மேலிடம் எடுத்த வழியையும் பார்ப்போம். ஓர் ஆட்டக்காரரோ, அவருடைய தாய் தந்தையோ, தாத்தா பாட்டியோ ஒரு நாட்டில் பிறந்திருந்து, அவருக்கு அந்நாட்டுக் குடியுரிமையும் இருந்தால் அவர் அந்த நாட்டுக்கு ஆடலாம் என்பது ஃபிஃபாவின் விதி. பல நாடுகள் இதை நேர்மையாகப் பயன்படுத்துகின்றன. அதில் தப்பில்லை.

2025 ஜூன் 10ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4–0 என்று வென்றோம். தோட்டத்து ஒட்டுக்கடையில் மேசை தட்டாத ஆள் இல்லை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் ஃபிஃபா தீர்ப்புச் சொல்லிற்று. வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய பத்திரங்கள் போலியானவை, அவர்கள் பிறந்தது வேறு நாடுகளில் என்று அது முடிவு கட்டியது. ஏழு பேருக்கும் 12 மாதத் தடை. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். நிர்வாகத்தில் நேர்ந்த தவறு என்று சங்கம் சொன்னது. மேல்முறையீட்டை நவம்பரில் ஃபிஃபா தள்ளிவிட்டது. பிறகு வழக்கு விளையாட்டு நடுவர் மன்றம் வரை போயிற்று.

யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கேயோ பிறந்த ஒரு பாட்டியை இந்த மண்ணில் பிறந்தவராகக் காட்டப் பத்திரம் கிடைத்தது. இதே மண்ணில், இதே லயத்தில் பிறந்து, அப்பனும் பாட்டனும் பால் வெட்டி உழைத்த குடும்பத்துப் பையனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாமல் எத்தனை வீடு தவிக்கிறது!

இது கதை இல்லை, தோழர்களே. சில காலம் முன்பு ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஆடியதை நின்று பார்த்தோம். காலில் செருப்புக்கூட இல்லை. பந்து அவன் காலை விட்டு ஒரு முழம் விலகவில்லை. "மாவட்டத் தேர்வுக்கு அனுப்பலியாம்மா?" என்று தாயைக் கேட்டோம். "போனோங்க. மொதல்ல பொறப்புப் பத்திரம் கொண்டான்னாங்க. எங்க கல்யாணத்தையே பதியலிங்க. அவனுக்கு எங்கேர்ந்து பத்திரம்?" என்றார் அந்தத் தாய். பையன் பந்தைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நாட்டுக் குழுவுக்கு நடுவில் நின்று அடிக்கிற ஆள் இல்லை என்று மேலிடம் உலகம் சுற்றித் தேடுகிறது. இங்கே ஒரு பையன் தேர்வுத் திடலின் வாசலைத் தாண்ட முடியாமல் நிற்கிறான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

மாடிக்கு வண்ணம் பூசினால் போதுமா?

இளம் ஆட்டக்காரர்களை உருவாக்க அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2014இல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. பாயர்ன் மியூனிக்கின் இளையோர் பிரிவில் பயிற்சி கொடுத்த நம் நாட்டவர் லிம் தியோங் கிம் அதற்குத் தலைமை ஏற்றார். பகாங் காம்பாங்கில் மொக்தார் டஹாரி பெயரில் நல்ல வசதியோடு பயிற்சிக்கூடம் இருக்கிறது. ஆனால் 2018இல் 16 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கிண்ணம் நம் நாட்டிலேயே நடந்தபோது, தஜிகிஸ்தானை 6–2 என்று வென்ற நம் பிள்ளைகள் தாய்லாந்திடமும் ஜப்பானிடமும் தோற்று முதல் சுற்றோடு நின்றார்கள். அரையிறுதிக்குப் போயிருந்தால் உலகக் கிண்ணத்துக்கே போயிருப்பார்கள். அந்தக் குழுவின் லுக்மான் ஹாக்கிம் பின்னர் பெல்ஜியக் கிளப் வரை போனார், ஆனாலும் ஒரு குழு முழுவதும் மேலே வரவில்லை.

ஏன் என்று யோசிக்க வேண்டும். பயிற்சிக்கூடம் என்பது மேல்மாடி. அதற்குக் கீழே ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை பிள்ளைகள் பந்தோடு புரளுகிற அடித்தளம் வேண்டும். தேர்வுக்கு வருகிற பையன்கள் ஐம்பதாயிரம் பேராக இருந்தால் இருபது பேரை நன்றாகப் பொறுக்கலாம். ஐந்நூறு பேர்தான் வருகிறார்கள் என்றால் கிடைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பொறுக்குவதிலும் ஒரு பிசகு நடக்கிறது. ஒரே ஆண்டில் பிறந்தவர்களை ஒரே வயதுக் குழுவில் சேர்க்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணி. பன்னிரண்டு வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்றால் தோளிலும் தொடையிலும் தெரியும். பயிற்றுநர் கண்ணுக்குப் பெரிய பையன்தான் படுவான். சின்னவன் வித்தைக்காரனாக இருந்தாலும் ஒதுக்கப்படுவான். பதினேழு வயதில் எல்லாரும் ஒரே அளவு வளர்ந்த பிறகு பார்த்தால், பெரியவனிடம் வித்தை இல்லை, வித்தை இருந்தவன் பந்தையே விட்டுவிட்டான். உலகத்தில் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்ட உண்மை இது. சத்துக் குறைவால் மெதுவாக வளர்கிற ஏழைப் பிள்ளைகளுக்கு இதில் இரட்டை நட்டம்.

திடல் எங்கே போயிற்று?

இப்போது நம் கதைக்கு வருவோம். ஒரு காலத்தில் தோட்டம் என்றால் கோயில், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை, பந்துத் திடல் நான்கும் இருக்கும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் திடலில் இடம் கிடைக்காது. தோட்டத்துக்குத் தோட்டம் பந்தயம். லாரியில் ஏறிப் போய், வென்றால் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்புவோம், தோற்றால் சண்டை போட்டுக்கொண்டு திரும்புவோம். நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை கொடுத்துச் சேர்த்துக்கொண்ட துரைமார்களும் உண்டு. யாரும் பயிற்றுநர் சான்றிதழ் வைத்திருக்கவில்லை. ஆனால் ஏழு வயதுப் பையன் தன் அண்ணன்மாரோடு மண்ணிலும் சேற்றிலும் முட்டி மோதி, நெருக்கடியில் பந்தை எப்படிக் காப்பது என்று தானாகவே கற்றுக்கொண்டான். மேலே சொன்ன இரண்டாவது ஓட்டைக்கு அதுதான் மருந்தாக இருந்தது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின. துண்டு துண்டாக விற்கப்பட்டன. வீடமைப்பு, நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை என்று எத்தனையோ தோட்டம் பெயர்கூட இல்லாமல் மறைந்தது. இருக்கிற தோட்டங்களிலும் பல இடத்தில் திடலில் கன்று நட்டுவிட்டார்கள். வெளியேறிய நம் குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளில் ஏறின. அங்கே பிள்ளை ஆடுவதற்குக் கார் நிறுத்துகிற இடம்தான் மிச்சம். பந்து யார் கண்ணாடியிலாவது பட்டால் அன்று இரவு சண்டை. பையன் என்ன செய்வான்? கைத்தொலைபேசியில் பந்து ஆடுகிறான். தப்பான கூட்டாளி கூப்பிட்டால் அவன் பின்னால் போகிறான்.

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520க்குச் சற்று மேல் இருக்கின்றன. தோட்ட நிலத்தில் நிற்கிற பல பள்ளிகளுக்குத் தனக்கென்று ஒரு நல்ல திடல் இல்லை. "குழுவில நம்ம பேரே காணோமே, வேணும்னே ஒதுக்குறாங்க" என்ற குறை நம் மக்கள் வாயில் அடிக்கடி வருகிறது. ஒதுக்கல் நடக்கிற இடத்தில் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒதுக்கப்படுகிற இடம் வரைக்கும் போவதே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேலிருந்து கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் சமூகத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா குழு 2017இல் பிரிமியர் லீக்கில் நுழைந்தது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. எத்தனையோ நம் பையன்களுக்கு வாய்ப்புக் கொடுத்தது. 2022 பருவம் முடிந்ததும் லீக்கை விட்டு விலகிவிட்டது. பாடுபட்டவர்களைக் குறை சொல்ல மாட்டோம். கிளப் நடத்தக் கோடிக்கணக்கில் காசு வேண்டும். ஆனால் திடலுக்கு அவ்வளவு வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, திடல். தோட்டம் விற்கப்படுகிறது என்று காதில் விழுந்தவுடன் வீட்டுக்கும் நட்ட ஈட்டுக்கும் போராடுகிறோம். அந்தப் பட்டியலில் கோயிலோடும் பள்ளியோடும் திடலையும் எழுதுங்கள். "பிள்ளைகளுக்கு ஓர் ஏக்கர் திடல்" என்று சங்கம் வழியாகவும் சட்டமன்ற உறுப்பினர் வழியாகவும் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். திடல் இன்னும் இருக்கிற தோட்டங்களில் புல் வெட்ட ஆள் வரவில்லை என்று காத்திருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் இறங்கினால் முடிகிற வேலை.

இரண்டு, ஆடும் முறை. சின்னப் பிள்ளைகளைப் பதினொரு பேராக நிறுத்திப் பெரிய திடலில் ஓட விடாதீர்கள். அப்படி விட்டால் பாதிப் பிள்ளைகளுக்குப் பந்து காலில் படவே படாது. திடலை நான்காகப் பிரித்து, நான்கு பேருக்கு நான்கு பேர் என்று விடுங்கள். சின்ன இடம், பக்கத்திலேயே எதிரி, அடிக்கடி பந்து. பத்து வயது வரை கிண்ணத்தையும் பதக்கத்தையும் மறந்துவிடுங்கள். சின்னப் பையன் என்று யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பெண் பிள்ளைகளையும் இறக்குங்கள். அவர்களுக்கும் நாட்டுக் குழு இருக்கிறது.

மூன்று, பயிற்றுநர். தோட்டத்துக்கு ஓர் இளைஞராவது மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் 'டி' சான்றிதழ்ப் பயிற்சிக்குப் போக வேண்டும். சில நாளில் முடிகிற தொடக்கப் பயிற்சிதான் அது. கட்டணத்தைக் கோயில் கமிட்டியும் மன்றமும் சேர்ந்து கட்டினால் என்ன? திருவிழாவில் வாணவேடிக்கைக்குப் போகிற காசில் ஒரு பங்கு போதும். மெகா ஒலிபெருக்கியை ஓர் ஆண்டு குறைத்தால் பத்துப் பந்து வாங்கலாம். இதைச் சொன்னதற்கு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான்கு, பத்திரம். இதுதான் முக்கியம். பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பதியுங்கள். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. 1982 மார்ச் முதல் நடப்பில் இருக்கிற சட்டப்படி கல்யாணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதியாமல் விட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். தாமதப் பதிவுக்கும் வழி உண்டு. தோட்டத்தில் படித்த பிள்ளைகள் இருந்தால் மனு எழுத ஒத்தாசை செய்யுங்கள். இது பந்துக்கு மட்டும் இல்லை. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் முதல் வாசல் இதுதான்.

ஐந்து, படிப்பு. பந்தில் கெட்டிக்காரன் என்பதற்காகப் படிப்பை விட்டுவிட வேண்டாம். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி மாதிரி இடங்கள் படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்தே கொடுக்கின்றன. லீக்கில் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் தவித்த ஆட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறோம். கால் ஒரு நாள் ஓய்ந்துபோகும், கையில் வேறு தொழில் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முடிந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போதுதான் நம் பிள்ளைகள் பந்தை விடுகிறார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை, பயிற்சி முடிந்து வர வாகனம் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற அண்ணன்மார் முறை வைத்து ஏற்றி இறக்கினால் ஒரு பிள்ளையின் தலையெழுத்து மாறலாம்.

மேலிடத்துக்கும் ஒரு வார்த்தை. போலிப் பத்திரத்துக்கு அபராதம் கட்டுகிற நாடு, திடலுக்குக் காசில்லை என்று இனிமேல் சொல்லக்கூடாது. தேர்வு நடத்தும் அதிகாரிகள் பட்டணத்து அரங்கத்தில் உட்கார்ந்து, வருகிறவன் வரட்டும் என்று இருக்காமல், ஆண்டுக்கு ஒரு முறையாவது தோட்டப்புறத்துக்கு வந்து பார்க்கட்டும். பத்திரம் இல்லாத பிள்ளையை விரட்டாமல், அவன் பெயரை எழுதிக்கொண்டு பதிவிலாகாவுக்கு ஒரு கடிதம் கொடுக்கட்டும்.

இன்றைக்குத் திடலைச் சுத்தம் செய்தால் நாளைக்கே கிண்ணம் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ரப்பர் கன்று நட்டவர்களுக்குத் தெரியும், பால் வடிய ஆறேழு ஆண்டு ஆகும். இன்று எட்டு வயதில் திடலில் இறங்குகிற பிள்ளை நாட்டுச் சட்டை போடப் பன்னிரண்டு ஆண்டு ஆகலாம். போடாமலும் போகலாம். போடாவிட்டால் என்ன? நல்ல உடம்போடும், நாலு பேரோடு சேர்ந்து உழைக்கத் தெரிந்த மனத்தோடும் ஒரு பிள்ளை வளர்ந்தால் அது நம் வீட்டுக்கு வந்த கிண்ணம்.

அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனின் பத்திரத்துக்கு மனு போட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை. அவன் சாயங்காலம் ஆனால் இன்னும் பந்தை எடுத்துக்கொண்டு இறங்குகிறான். உங்கள் தோட்டத்திலும் அப்படி ஒருவன் இருப்பான், தோழர்களே. இந்த ஞாயிற்றுக்கிழமை போய்த் தேடிப் பாருங்கள்.